அறிவியல் புனைவுத் தொடர்களும் இரசிகர்களின் செல்வாக்கு ஒப்பீடும்

அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்களின் செல்வாக்கு ஒப்பீடு என்பது, ஒன்றுக்கொன்று போட்டியாகக் கருதப்படும் தொடர்களில் எது அதிக மக்களைக் கவர்ந்தது என்று இரசிகர்கள் நடத்தும் விவாதத்தைக் குறிக்கும். அமெரிக்காவில் 'ஸ்டார் ட்ரெக்', 'பாபிலோன் 5' ஆகியவற்றின் இரசிகர்களும், பிரித்தானியாவில் 'டாக்டர் ஹூ' தொடரின் இரசிகர்களும் இத்தகைய விவாதங்களை நீண்டகாலமாக நடத்தி வந்துள்ளனர். தமிழ்நாட்டில் 'என் இனிய இயந்திரா', 'சக்திமான்', 'மர்மதேசம்' போன்ற பழைய தொடர்களை முன்வைத்தும், இன்று இணையவழியில் வரும் வெளிநாட்டுத் தொடர்களை முன்வைத்தும் இதே கேள்வி எழுப்பப்படுகிறது. இவ்வொப்பீடுகள் எந்தச் சான்றுகளை நம்புகின்றன, அச்சான்றுகள் எதை நிறுவுகின்றன, எதை நிறுவவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒப்பீட்டின் இயல்பு

ஒரு தொடரை விரும்புகிறவர் அது சிறந்தது என்று சொல்ல விரும்புகிறார். 'சிறந்தது' என்பதை நிறுவுவது கடினம். கதை, நடிப்பு, கருத்து, அறிவியல் நேர்த்தி என்று பலவற்றை விளக்க வேண்டியிருக்கும். 'அதிகம் பேர் பார்த்தது' என்பதை ஓர் எண்ணைக் கொண்டு சொல்லிவிடலாம். ஆகவே தரத்தைப் பற்றித் தொடங்கும் விவாதம் விரைவிலேயே எண்ணிக்கையைப் பற்றிய விவாதமாக மாறிவிடுகிறது. பார்வையாளர் எண்ணிக்கை, அத்தியாயங்களின் எண்ணிக்கை, ஓடிய ஆண்டுகள், பெற்ற விருதுகள், மதிப்பெண் தளங்களின் சராசரி எனக் கையில் கிடைத்த எண் எதுவோ அது சான்றாகிறது.

இதில் இரண்டு குழப்பங்கள் நிகழ்கின்றன. முதலாவது, செல்வாக்கும் தரமும் ஒன்றெனக் கொள்ளப்படுகின்றன. இரண்டாவது, வெவ்வேறு முறைகளில் எடுக்கப்பட்ட எண்கள் ஒரே அளவுகோலில் எடுக்கப்பட்டவை போல அருகருகே வைக்கப்படுகின்றன. ஒரு மாணவர் கணக்கில் பெற்ற 80 மதிப்பெண்ணையும், மற்றொரு மாணவர் வேறொரு பள்ளியில் வேறொரு வினாத்தாளில் தமிழில் பெற்ற 85 மதிப்பெண்ணையும் கொண்டு யார் கெட்டிக்காரர் என்று முடிவு செய்வதற்கு இது ஒப்பானது. இரண்டு எண்களும் உண்மையானவைதாம். அவற்றுக்கிடையே போடப்படும் குறியீடுதான் பிழையானது.

ஸ்டார் ட்ரெக்: எண்ணிக்கையில் தோற்று வென்ற தொடர்

செல்வாக்கு என்ற சொல் காலத்தோடு எவ்வளவு மாறுகிறது என்பதற்கு 'ஸ்டார் ட்ரெக்' தெளிவான எடுத்துக்காட்டாகும். ஜீன் ராடன்பெரி உருவாக்கிய இத்தொடர் 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கி, மூன்று பருவங்களில் 79 அத்தியாயங்களுடன் 1969-இல் நிறுத்தப்பட்டது. ஒளிபரப்பான காலத்தில் அதன் பார்வையாளர் மதிப்பீடு உயர்வாக இருந்ததில்லை. இரண்டாம் பருவத்தின்போதே தொடர் நிறுத்தப்படும் என்ற அச்சம் எழுந்தது. பியோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் இணையர் முன்னின்று நடத்திய கடித இயக்கத்தின் விளைவாக ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் நிறுவனத்துக்குச் சென்றன. தொடர் நீட்டிக்கப்படும் என்று 1968 மார்ச் மாதத்தில் திரையிலேயே அறிவிக்கப்பட்டது. ஆயினும் மூன்றாம் பருவம் வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளப்பட்டது. இளைஞர்கள் வீட்டில் இருக்க வாய்ப்புக் குறைந்த நேரம் அது.

நிறுத்தப்பட்ட பின்னரே அதன் உண்மையான வளர்ச்சி தொடங்கியது. 1970களில் உள்ளூர் நிலையங்கள் அதை மறுஒளிபரப்புச் செய்தன. வேறு நேரத்தில், வேறு வயதினருக்கு அது சென்று சேர்ந்தது. 1976-இல் இரசிகர்களின் கடிதங்களை ஏற்று, அமெரிக்காவின் முதல் விண்வெளி ஓடத்துக்குத் தொடரில் வரும் கலத்தின் பெயரான 'என்டர்பிரைஸ்' சூட்டப்பட்டது. 1979-இல் திரைப்படமும், 1987-இல் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற புதிய தொடரும் வந்தன. இந்தியாவிலும் 1980களில் தூர்தர்ஷனின் ஞாயிறு காலை நிகழ்ச்சிகளில் மூலத்தொடர் இடம்பெற்றது.

அதே காலத்தில் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1965 முதல் 1968 வரை ஓடிய 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்' தொடர் 83 அத்தியாயங்களைக் கொண்டது. அத்தியாயக் கணக்கை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அதுவே வென்றதாகும். அவ்வாறு இன்று யாரும் வாதிடுவதில்லை. 1969-இல் நின்று பார்த்தால் ஒரு விடை, 1979-இல் நின்று பார்த்தால் வேறொரு விடை என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. எந்த ஆண்டில் அளந்தது என்று சொல்லாத செல்வாக்குக் கணக்கு முழுமையற்றது.

டாக்டர் ஹூ: போட்டியாளர் இல்லாத நாள்

பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. அமெரிக்க அதிபர் கென்னடி கொல்லப்பட்டதற்கு மறுநாள் அது. முதல் அத்தியாயம் மக்களின் கவனத்துக்குப் போதிய அளவில் வரவில்லை என்பதால் அடுத்த வாரம் மீண்டும் ஒளிபரப்பப்பட்டது. இத்தொடரின் பழைய காலத்தில் மிக உயர்ந்த பார்வையாளர் எண்ணிக்கையைப் பெற்றது 1979-இல் வந்த 'சிட்டி ஆஃப் டெத்' என்ற கதை. அதன் இறுதி அத்தியாயத்தை 1 கோடியே 61 இலட்சம் பேர் பார்த்ததாகப் பதிவாகியுள்ளது.

இந்த எண்ணை மேற்கோள் காட்டுவோர் பலர் அதன் பின்னணியைச் சேர்த்துச் சொல்வதில்லை. அப்போது போட்டி நிறுவனமான ஐ.டி.வி. வேலைநிறுத்தத்தால் ஒளிபரப்பின்றி இருந்தது. தொலைக்காட்சியைப் போட்டவர்களுக்கு பி.பி.சி.யைத் தவிர வேறு வழி மிகக் குறைவு. அக்கதை நல்ல கதை என்பதில் ஐயமில்லை. இன்றும் இரசிகர்கள் அதைப் போற்றுகின்றனர். ஆனால் அந்த எண் கதையின் ஈர்ப்பையும், மாற்று இல்லாத நிலையையும் கலந்தே அளந்திருக்கிறது. இரண்டையும் பிரித்தெடுக்க வழியில்லை. தமிழ்நாட்டில் ஒரே அலைவரிசை இருந்த காலத்து நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசும்போது இந்த எடுத்துக்காட்டை மறத்தல் கூடாது.

பாபிலோன் 5, டீப் ஸ்பேஸ் நைன்: இரு அளவுகோல்கள், இரு வெற்றியாளர்கள்

இரசிகர் பகைமைக்குப் பெயர்பெற்ற இணை இது. 'ஸ்டார் ட்ரெக்' குடும்பத்தைச் சேர்ந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' 1993 ஜனவரியிலும், 'பாபிலோன் 5' தொடரின் முன்னோட்டப் படம் அடுத்த மாதத்திலும் வெளிவந்தன. இரண்டும் விண்வெளி நிலையத்தைக் களமாகக் கொண்டவை. 'பாபிலோன் 5' தொடரை உருவாக்கிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி தம் திட்டத்தை முன்னதாகவே 'ஸ்டார் ட்ரெக்' உரிமையுள்ள பாரமவுண்ட் நிறுவனத்திடம் அளித்திருந்தார் என்ற செய்தி இரசிகர்களின் சினத்தைக் கூட்டியது.

'டீப் ஸ்பேஸ் நைன்' ஏழு பருவங்களில் 176 அத்தியாயங்கள் ஓடியது. பார்வையாளர் எண்ணிக்கையிலும் முன்னே நின்றது. 'பாபிலோன் 5' ஐந்து பருவங்களில் 110 அத்தியாயங்களோடு நிறைவுற்றது. கடைசிப் பருவத்துக்கு வேறொரு அலைவரிசைக்கு மாற வேண்டியிருந்தது. விருதை அளவுகோலாகக் கொண்டால் நிலை தலைகீழாகிறது. அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருதை 'பாபிலோன் 5' 1996, 1997 ஆகிய இரு ஆண்டுகளும் பெற்றது. 'டீப் ஸ்பேஸ் நைன்' அவ்விருதை ஒருமுறைகூடப் பெறவில்லை. ஹியூகோ விருது அறிவியல் புனைவு மாநாட்டு உறுப்பினர்களின் வாக்கால் முடிவு செய்யப்படுவது. ஆகவே பொதுமக்கள் ஒரு பக்கமும், தீவிர வாசகர்கள் மற்றொரு பக்கமும் நின்றனர் எனலாம். எந்தக் கூட்டத்தின் செல்வாக்கைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லாமல் இவ்விவாதத்துக்கு முடிவில்லை.

1996-இல் ராடன்பெரியின் துணைவியாரும் 'ஸ்டார் ட்ரெக்' நடிகையுமான மேஜல் பேரட் 'பாபிலோன் 5' தொடரின் ஓர் அத்தியாயத்தில் நடித்தார். இரு தரப்பு இரசிகர்களின் சச்சரவைத் தணிக்கும் நல்லெண்ணச் செயலாக அது கருதப்பட்டது. இருபுறமும் தொடர்களை உருவாக்கியவர்களிடம் இல்லாத பகைமை இரசிகர்களிடம் இருந்ததை இந்நிகழ்வு காட்டுகிறது.

பார்வையாளர் எண்ணிக்கை எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

எல்லா வீடுகளிலும் யாரும் சென்று கேட்பதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட சில வீடுகளில் கருவி பொருத்தி, அதிலிருந்து முழு மக்கள்தொகைக்கும் கணக்கிடுகின்றனர். இந்தியாவில் 2015 முதல் பார்க் என்ற அமைப்பு இப்பணியைச் செய்கிறது. 2020-இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 44,000 வீடுகளில் அதன் கருவிகள் இருந்தன. வழக்கில் இது 'டி.ஆர்.பி.' எனப்படுகிறது.

இதில் இரண்டு சொற்களை வேறுபடுத்தி அறிய வேண்டும். ஓர் ஊரில் தொலைக்காட்சி உள்ள வீடுகள் 1,000 என்று கொள்வோம். இரவு 8 மணிக்கு அவற்றில் 400 வீடுகளில் மட்டும் தொலைக்காட்சி ஓடுகிறது. அந்த 400-இல் 100 வீடுகள் ஒரு தொடரைப் பார்க்கின்றன. மொத்த வீடுகளைக் கொண்டு கணக்கிட்டால் தொடரின் மதிப்பீடு 10 விழுக்காடு. ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சிகளைக் கொண்டு கணக்கிட்டால் அதன் பங்கு 25 விழுக்காடு. ஒரு தரப்பு மதிப்பீட்டையும் மறுதரப்பு பங்கையும் எடுத்துக்கொண்டு வாதிட்டால், இரு தரப்பும் உண்மை பேசிக்கொண்டே பொய்யான முடிவுக்கு வரலாம்.

மேலும், மாதிரி வீடுகளைக் கொண்டு கணக்கிடும் முறையில், மிகப் பலர் பார்க்கும் நிகழ்ச்சியின் எண் ஓரளவு நம்பத்தக்கதாக அமையும். சிலரே பார்க்கும் நிகழ்ச்சியில், கருவி உள்ள வீடுகளில் நாலைந்து வீடுகள் மாறினாலே எண் பெரிதும் ஏறி இறங்கும். அறிவியல் புனைவுத் தொடர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. எனவே அவற்றுக்கிடையே உள்ள சிறு வேறுபாட்டைக் கொண்டு வெற்றி தோல்வி பேசுவது பொருத்தமற்றது.

தமிழ்ச் சூழல்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14 அன்று வந்தது. இடைப்பட்ட காலத்தில் தமிழ்ப் பார்வையாளருக்குத் தூர்தர்ஷனே பெரும்பாலும் ஒரே வாய்ப்பாக இருந்தது. இச்சூழலில் அறிவியல் புனைவோடு தொடர்புடையதாகப் பேசப்படும் தொடர்கள் சிலவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

'என் இனிய இயந்திரா' சுஜாதா ஆனந்த விகடனில் தொடராக எழுதிய புதினம். எதிர்கால இந்தியாவை ஆளும் ஜீவா என்ற சர்வாதிகாரி, குழந்தை பெறவும் அரசின் அனுமதி தேவைப்படும் சமூகம், கணவனைத் தேடும் நிலா, பேசவும் சிந்திக்கவும் வல்ல ஜீனோ என்ற இயந்திர நாய் ஆகியவற்றைக் கொண்டது. இப்புதினம் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. கதையின் அடிப்படையே அறிவியலையும் அதிகாரத்தையும் பற்றியது என்பதால், அறிவியல் புனைவு என்ற வரையறைக்குள் முழுமையாக அடங்குவது இதுவே.

'சக்திமான்' 1997 செப்டம்பர் முதல் 2005 வரை தூர்தர்ஷனின் தேசிய அலைவரிசையில் இந்தியில் ஒளிபரப்பானது. முகேஷ் கன்னா நாயகனாக நடித்தார். நாயகனின் ஆற்றல் யோகத்தாலும் ஐம்பூதங்களாலும் பெறப்பட்டது. எதிரிகளில் அறிவியலாளர் ஒருவரும் உண்டு. அதாவது ஆற்றல் புராணத்திலிருந்தும், ஆபத்து ஆய்வகத்திலிருந்தும் வருகின்றன. 1998-இல் வந்த கேதன் மேத்தாவின் 'கேப்டன் வியோம்' விண்வெளியைக் களமாகக் கொண்டது. அதில் மிலிந்த் சோமன் நடித்தார். வகையால் இது சக்திமானை விட அறிவியல் புனைவுக்கு நெருக்கமானது.

'மர்மதேசம்' இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகளைக் கொண்டு கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்த தொடர் வரிசை. நாகா இயக்கிய 'இரகசியம்', 'விடாது கருப்பு' ஆகியவை 1990களில் சன் தொலைக்காட்சியில் வந்து பெரும் வரவேற்பைப் பெற்றன. 'விடாது கருப்பு' கதையில் காவல் தெய்வத்தின் செயலாகத் தோன்றியது இறுதியில் உளவியல் விளக்கத்தைப் பெறுகிறது. இது மர்மக் கதையா, அறிவியல் புனைவா என்பது விவாதத்துக்குரியது.

மேற்கண்டவற்றை ஒரே வரிசையில் நிறுத்தி 'எது அதிகப் புகழ்பெற்றது' என்று கேட்கும்போது மூன்று சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, பரப்பு. தேசிய அலைவரிசையில் ஆண்டுக்கணக்கில் வந்த இந்தித் தொடரை நாடு முழுவதும் பார்க்க முடிந்தது. தமிழ்த் தொடரைத் தமிழ் ஒளிபரப்பு எட்டிய பகுதியில், தமிழ் அறிந்தவர்களே பார்த்தனர். மொத்த எண்ணிக்கையில் சக்திமான் முந்துவதில் வியப்பில்லை. தமிழறிந்த பார்வையாளர்களில் எத்தனை விழுக்காட்டினரை ஒவ்வொன்றும் ஈர்த்தது என்பதே நியாயமான கேள்வி.

இரண்டாவது, வாங்கும் வழி. தூர்தர்ஷனைக் கூரைமேல் ஆன்டெனா வைத்த எவரும் பார்க்கலாம். தனியார் அலைவரிசைக்குக் கேபிள் இணைப்பும் மாதச் சந்தாவும் தேவைப்பட்டன. பணம் கொடுத்துப் பார்த்தவரின் எண்ணிக்கையும், இலவசமாகக் கிடைத்ததைப் பார்த்தவரின் எண்ணிக்கையும் ஒரே விருப்பத்தைக் காட்டுவதாகக் கொள்ள இயலாது.

மூன்றாவது, பார்வையாளரின் வயது. பத்து வயதில் பார்த்த தொடர் நினைவில் ஆழப் பதிகிறது. 1990களின் பிற்பகுதியில் பள்ளிச் சிறார்களாக இருந்தவர்களே இன்று பொதுவெளியில் அதிகம் எழுதும் வயதினர். அவர்களின் நினைவில் சக்திமான் நிற்கிறது. அதற்கு முந்திய தலைமுறையின் நினைவில் நிற்கும் ஜீனோவைப் பற்றிப் பேசுவோர் அந்த அளவுக்கு இல்லை. இன்றைய பேச்சின் அளவைக் கொண்டு அன்றைய செல்வாக்கை மதிப்பிட்டால், பேசுவோரின் வயதைத்தான் அளந்ததாகும்.

ஒரு பெட்டிக்கு எத்தனை பேர்?

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் இருப்புப்பாதையில் திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் இடையே உள்ளது அண்ணனூர். புறநகர் மின்தொடர் வண்டிகளைப் பராமரிக்கும் பணிமனை இங்கு அமைந்துள்ளது. ஆவடியின் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகள், அம்பத்தூர் தொழிற்பேட்டை, பெரம்பூர் பெட்டித் தொழிற்சாலை ஆகியவற்றுக்கு வேலைக்குச் செல்வோர் நிறைந்த வட்டாரம் இது. இத்தகைய புறநகர் ஒன்றை எடுத்துக்கொண்டால் வீட்டுக் கணக்கின் குறைபாடு எளிதில் விளங்கும்.

1980களில் ஒரு தெருவில் சில வீடுகளில் மட்டுமே தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு மாலைத் திரைப்படம் ஆகியவற்றுக்கு அக்கம்பக்கத்தார் அந்த வீடுகளின் கூடத்திலும் திண்ணையிலும் கூடினர். பத்துப் பெட்டிகள், ஒவ்வொன்றின் முன்னும் பதினைந்து பேர் என்றால் பார்வையாளர் 150 பேர். பின்னாளில் அதே தெருவில் ஐம்பது பெட்டிகள் வந்து, ஒவ்வொன்றின் முன்னும் மூன்று பேர் இருந்தாலும் பார்வையாளர் 150 பேரே. பெட்டிக் கணக்கில் ஐந்து மடங்கு வளர்ச்சி; ஆள் கணக்கில் மாற்றம் இல்லை.

மற்றொன்று, முறைப்பணி. காலை, மாலை, இரவு என்று மாறிமாறி வேலைக்குச் செல்லும் தொழிலாளி ஒருவர் ஒரு தொடரை எல்லா வாரங்களிலும் பார்க்க இயலாது. தொடர்கதையை அவ்வாறு பின்பற்றுவது கடினம். ஒரு நாளில் முடியும் கதையைப் பின்பற்றலாம். முன்கதை தெரிந்தால்தான் விளங்கும் அறிவியல் புனைவு இதில் பெரிதும் பாதிக்கப்படுகிறது. விட்டுப்போன அத்தியாயத்தை மறுபடி பார்க்க வழியில்லாத காலத்தில் ஒருவர் ஒரு தொடரைக் கைவிட்டதற்கு, வெறுப்பைவிட வேலைநேரமே காரணமாக இருந்திருக்கலாம். மதிப்பீட்டு எண் இந்த வேறுபாட்டை அறியாது.

இணையவழித் தொடர்களின் காலம்

இன்று தமிழ் இளைஞர்கள் ஒப்பிடும் இணைகளுள் ஜெர்மானியத் தொடரான 'டார்க்', அமெரிக்கத் தொடரான 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' ஆகியவை குறிப்பிடத்தக்கவை. இரண்டும் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தில் முறையே 2017, 2016 ஆண்டுகளில் தொடங்கின. இரண்டிலும் சிற்றூர் ஒன்றில் ஒரு சிறுவன் காணாமற்போவதிலிருந்து கதை தொடங்குகிறது. ஒன்று 26 அத்தியாயங்களில் காலப்பயணப் புதிரை முடிக்கிறது. மற்றொன்று நட்பையும் அச்சத்தையும் முன்னிறுத்தி உலகெங்கும் பெருங்கூட்டத்தை ஈர்த்தது.

இணையத்தில் ஒவ்வொரு நொடியும் பதிவாவதால் எண் துல்லியமாக இருக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. எண்ணும் முறை அங்கும் மாறிக்கொண்டே வந்துள்ளது. ஒரு காலத்தில் இரண்டு நிமிடம் பார்த்த கணக்கும் ஒரு பார்வையாகக் கொள்ளப்பட்டது. 2021-இல் முதல் 28 நாட்களில் பார்க்கப்பட்ட மொத்த மணிநேரம் அளவுகோலானது. 2023-இல் மொத்த மணிநேரத்தைத் தொடரின் நீளத்தால் வகுத்து வரும் எண் 'பார்வை' எனப்பட்டது. காலமும் 91 நாட்களாக நீட்டப்பட்டது. இம்முறையில் இருவர் ஆளுக்குப் பாதி பார்த்து விட்டுவிட்டாலும் ஒரு முழுப் பார்வையாகும். மணிநேரக் கணக்கில் நீளமான தொடர் இயல்பாகவே முந்தும். வகுத்த கணக்கில் அந்த நன்மை குறையும். வெவ்வேறு ஆண்டுகளில் வந்த தொடர்களை இந்த எண்களால் ஒப்பிடுவோர், எந்த முறையில் எடுக்கப்பட்ட எண் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தமிழிலும் கவிதாலயா தயாரிப்பில் 'டைம் என்ன பாஸ்' என்ற காலப்பயண நகைச்சுவைத் தொடர் 2020-இல் இணையவழியில் வந்தது. வெவ்வேறு காலங்களிலிருந்து வந்தவர்கள் இன்றைய சென்னையில் ஒரே வீட்டில் தங்குவது அதன் கதை. இதை 'டார்க்' தொடரோடு ஒப்பிட்டுத் தமிழில் அறிவியல் புனைவு எடுபடாது என்று முடிவு கட்டுவது முறையாகாது. நோக்கம், செலவு, நீளம் அனைத்தும் வேறானவை. நகைச்சுவைத் தொடரை நகைச்சுவைத் தொடரோடு ஒப்பிடுவதே பொருந்தும்.

ஒப்பீட்டின் விளைவுகள்

இரசிகர்களின் ஒப்பீடு வீண் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவதும் சரியன்று. கடிதம் எழுதிய இரசிகர்களால் 'ஸ்டார் ட்ரெக்' ஒரு பருவம் கூடுதலாக வாழ்ந்தது. அந்தக் கூடுதல் பருவத்தால் கிடைத்த அத்தியாய எண்ணிக்கை, நாள்தோறும் மறுஒளிபரப்புச் செய்வதற்குப் போதுமானதாக அமைந்தது. 2018-இல் கைவிடப்பட்ட 'தி எக்ஸ்பான்ஸ்' தொடரை இரசிகர்களின் முயற்சிக்குப் பின் அமேசான் நிறுவனம் ஏற்று நடத்தி ஆறு பருவங்களில் நிறைவு செய்தது. ஃபாக்ஸ் அலைவரிசை 2002-இல் 14 அத்தியாயங்களில் 11-ஐ மட்டும், அதுவும் வரிசை மாற்றி ஒளிபரப்பிக் கைவிட்ட 'ஃபயர்ஃபிளை' தொடருக்கு, குறுந்தகடு விற்பனையின் வலுவால் 2005-இல் திரைப்படம் கிடைத்தது. மூன்றிலும் வென்றது எண்ணிக்கையின் பெருக்கம் அன்று. குறைந்த எண்ணிக்கையினரின் ஈடுபாடு.

தீங்கு விளைவது, ஒப்பீட்டின் முடிவு பொதுவிதியாக மாறும்போதுதான். 'தமிழ்ப் பார்வையாளருக்கு அறிவியல் புனைவு பிடிக்காது' என்ற கூற்று அத்தகையது. தமிழில் இவ்வகைத் தொடர்கள் மிகச் சிலவே எடுக்கப்பட்டன. மிகச் சிலவே எடுக்கப்பட்டதால் பார்த்தவர் கணக்கும் குறைவு. அந்தக் குறைவைக் காட்டி மேலும் எடுக்காமல் இருப்பது, விதைக்காத நிலத்தில் விளைச்சல் இல்லை என்று நிலத்தைப் பழிப்பதாகும். வார இதழில் வந்த 'என் இனிய இயந்திரா' தொடர்ந்து நூலாக அச்சாகி இன்றும் வாசிக்கப்படுவது, வாசகர் இல்லை என்ற வாதத்துக்கு எதிரான சான்று.

இரண்டாவது தீங்கு, பாதுகாக்கப்பட்டவற்றுக்குக் கிடைக்கும் கூடுதல் இடம். 'மர்மதேசம்' இன்று யூடியூப் தளத்தில் கிடைக்கிறது. அதனால் புதிய தலைமுறை இரசிகர்களையும் பெற்றுள்ளது. மீண்டும் பார்க்க முடிந்த தொடர் மீண்டும் பேசப்படுகிறது. பார்க்க முடியாத தொடர் ஒப்பீட்டுப் பட்டியலில் இடம்பெறுவதே இல்லை. இடம்பெறாதது செல்வாக்கற்றது என்று பின்னர் எழுதப்பட்டுவிடுகிறது. பிரித்தானியாவில் பி.பி.சி. 1960களின் 'டாக்டர் ஹூ' ஒளிநாடாக்களை அழித்தும் மறுபயன்பாட்டுக்கு எடுத்தும் வந்ததால், தொண்ணூறுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களின் காட்சிகள் நீண்டகாலமாக இல்லாமற்போயின. ஆயினும் அவை அனைத்தின் ஒலியும் எஞ்சியிருக்கிறது. ஒளிபரப்பான நாளிலேயே தொலைக்காட்சியின் அருகில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிவு செய்த இரசிகர்களே அதற்குக் காரணம். தொடருக்கு அவர்கள் செய்த தொண்டுகளில் இதற்கு இணையானது வேறில்லை. எது முதலிடம் என்ற கேள்விக்கு அவர்கள் விடை தேடியிருந்தால் இன்று ஒன்றும் எஞ்சியிருக்காது.

மதிப்பீடு

இரசிகர்களின் ஒப்பீடு ஒரு தொடரின் மீதுள்ள அன்பிலிருந்து பிறக்கிறது. அந்த அன்பை நிறுவ எண்களைத் துணைக்கு அழைப்பதில் பிழை தொடங்குகிறது. செல்வாக்கு என்பது ஒற்றைப் பொருள் அன்று. ஒளிபரப்பான நாளில் பார்த்தவர் எண்ணிக்கை, பிற்காலத்தில் தேடிப் பார்த்தவர் எண்ணிக்கை, துறை சார்ந்தோரின் பாராட்டு, மக்கள் பேச்சில் கலந்த சொற்களும் பாத்திரங்களும் ஆகிய நான்கும் வெவ்வேறானவை. ஒன்றில் முந்திய தொடர் மற்றொன்றில் பிந்தியிருக்கலாம்.

கலைக்களஞ்சியக் கட்டுரைகளில் 'மிகவும் புகழ்பெற்ற தொடர்', 'மக்களின் பேராதரவைப் பெற்றது' போன்ற தொடர்கள் தாராளமாகக் காணப்படுகின்றன. அத்தகைய தொடரை எழுதும் முன்னும், படித்து ஏற்கும் முன்னும் மாணவர்கள் ஐந்து வினாக்களைக் கேட்டுப் பார்க்கலாம். எந்த ஆண்டில் எடுத்த கணக்கு? வீட்டின் கணக்கா, ஆளின் கணக்கா? அந்நேரத்தில் வேறு எதைப் பார்க்க வாய்ப்பு இருந்தது? எந்த மொழியினர், எந்தப் பகுதியினர் கணக்கில் சேர்க்கப்பட்டனர்? ஒப்பிடப்படும் தொடர்கள் ஒரே வகையைச் சேர்ந்தவையா? இவற்றுக்கு விடை இருந்தால் ஒப்பீடு பயனுள்ளதாகும். விடை இல்லையென்றால் 'புகழ்பெற்ற' என்ற அடைமொழியை நீக்கிவிட்டு, தொடர் எப்போது வந்தது, யார் எழுதினார், எதைப் பற்றியது என்று எழுதுவதே நேர்மை.

இத்துறையில் மாணவர்கள் செய்யக்கூடிய பணி மிகுதியாக உள்ளது. தூர்தர்ஷன் காலத்துத் தொடர்களைப் பார்த்த தலைமுறையினர் இன்று ஐம்பது, அறுபது வயதைக் கடந்தவர்கள். தம் தெருவில் எந்த வீட்டில் முதலில் தொலைக்காட்சி வந்தது, யார் யார் கூடினர், ஜீனோ பேசியதைக் கேட்டு யார் சிரித்தனர், எந்த வாரத்தில் மின்தடையால் கதை விட்டுப்போனது என்பதை அவர்களே சொல்ல முடியும். மதிப்பீட்டு நிறுவனங்களின் கருவிகள் பதிவு செய்யாத செய்திகள் இவை. தாத்தா பாட்டியிடம் கேட்டுத் தேதியோடும் இடத்தோடும் எழுதி வைத்தால், தமிழ்த் தொலைக்காட்சி வரலாற்றுக்கு அது முதன்மைச் சான்றாகும். எந்தத் தொடர் வென்றது என்ற விவாதத்தை அதற்குப் பின் நடத்திக்கொள்ளலாம்.